மேப் முடிவாகறதுக்கு முன்னாடியே ஊருக்குப் போங்க: கரன்ட் எடுக்கற பெரிய காத்தாடி, சோலார் திட்டத்துக்கு ஊர் சம்மதம் வாங்கறது எப்படி

பெரும்பாலான கம்பெனிங்க இதை எந்த வரிசையில பண்றாங்கன்னு மொதல்ல பாருங்க. காத்து அளக்கறாங்க, நிலம் பிடிக்கறாங்க, கிரிட் கனெக்‌ஷனுக்கு அப்ளை பண்றாங்க, பேங்க்ல பேசறாங்க, எந்த மெஷின் எங்க நிக்கணும்னு டிராயிங்கையும் முடிச்சிடறாங்க, இவ்வளவும் ஆனப்பறம் கடைசியா ஒரு ஹால் புக் பண்ணி கலர் கலரா போர்டு வெச்சு "உங்க கருத்தைச் சொல்லுங்க"ன்னு ஊரைக் கூப்பிடறாங்க. வந்த ஆள் கேக்கற மொத கேள்வி "நாங்க சொன்னா எதையாவது மாத்துவீங்களா?" அதுக்கு நேர்மையான பதில் "மாட்டோம்". அதை வாய்விட்டு சொல்ல முடியாம மேடையில இருக்கறவர் சுத்தி வளைச்சு பேசறதைப் பாத்த உடனே ஊருக்குப் புரிஞ்சிடும், இது கேக்க வந்த கூட்டம் இல்ல, கையெழுத்து வாங்க வந்த கூட்டம்னு. அந்த நிமிஷத்துல போன நம்பிக்கை, அப்பறம் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடிச்சுக் குடுத்தாலும் திரும்பி வராது.

அதனால இந்த கைடுல இருக்கற எல்லாமே ஒரே விஷயத்துல தான் தொங்குது. மாத்தறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கும்போதே போங்க.

இன்னொன்னையும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன். எதிர்க்கறவங்களை எல்லாம் "கரன்ட் வேணும், ஆனா தன் வீட்டு கொல்லைப்புறத்துல மட்டும் வேணாமாம்"னு ஒரே வரியில நக்கலடிச்சு தள்ளிடாதீங்க. இந்த விஷயத்தை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றவங்களே அந்த விளக்கத்தை கை கழுவிட்டாங்க, ஏன்னா பக்கத்துல போய் கேட்டா சுயநலத்தை விட "எங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டாங்க", "லாபம் அவங்களுக்கு, சத்தம் எங்களுக்கு"ங்கற ரெண்டு தான் அதிகமா வரும். நெதர்லாந்துல பண்ண ஆய்வுல ஒரு சுவாரசியமான விஷயம் தெரிஞ்சது, திட்டம்னு ஒன்னு வர்றதுக்கு முன்னாடி ஆதரவு நல்லா இருக்கும், அறிவிச்ச உடனே மளமளன்னு கீழ விழும், மெஷின் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச காலம் ஆனப்பறம் மறுபடி மேல ஏறும். அதாவது நீங்க ஊருக்குள்ள காலெடுத்து வெக்கறதே அந்தப் பள்ளத்துக்குள்ள தான். அது இயல்புன்னு தெரிஞ்சுக்கிட்டா பதட்டப்பட்டு தப்பு பண்ண மாட்டீங்க. ஆனா "எப்படியும் ஓட ஆரம்பிச்சா சரியாயிடும்"னு அதையே சாக்கா வெச்சு தள்ளிக்கிட்டு போனவங்களும் இருக்காங்க, அவங்க கதை கீழ வருது.

சரி, எங்க ஆரம்பிக்கறது? நிலத்துல இருந்து. பேப்பர்ல யார் பேர் இருக்குன்னு பாக்கறது வக்கீல் வேலை, அந்த நிலத்தை யாரு உபயோகப்படுத்தறாங்கன்னு பாக்கறது உங்க வேலை. ரெண்டும் ஒன்னே இல்ல. ரெக்கார்டுல தரிசுன்னு இருக்கும், போய்ப் பாத்தா ஆடு மாடு மேயும், விறகு பொறுக்குவாங்க, மழை பெஞ்சா தண்ணி அந்த வழியா தான் குளத்துக்கு ஓடும், பக்கத்து ஊருக்கு குறுக்கு வழியும் அதுலயே இருக்கும். வெய்யில் காலத்துல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு "இங்க யாருமே இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டு வந்துடறாங்க, மந்தை ஓட்டிக்கிட்டு வர்றவங்க வேற மாசத்துல வருவாங்கன்னு யாருக்கும் தோணல. குறைஞ்சது ரெண்டு மூணு சீசன்ல போங்க. ஜீப்ல போகாதீங்க, அந்த ஊர் ஆளுங்க நாலு பேரோட நடந்து போங்க, அவங்க சொல்றதை ஒரு வெள்ளைத்தாள்ல அவங்களையே வரையச் சொல்லுங்க. உங்க சாட்டிலைட் படத்துல இல்லாதது பாதி அதுல இருக்கும்.

இதை விட்டா என்ன ஆகும்னு ரெண்டு உதாரணம் போதும். கென்யாவுல துர்க்கானா ஏரி பக்கத்துல 365 காத்தாடி, 310 மெகாவாட், ஆப்பிரிக்காவோட பெரிய காற்றாலைகள்ல ஒன்னு. அந்த இடம் கால்நடை மேய்க்கற சமூகங்களோட பொது நிலம். அதைக் கம்பெனிக்கு மாத்திக் குடுத்த விதம் சட்டப்படி இல்லன்னு கேஸ் போட்டாங்க, 2021ல கோர்ட்டும் நிலப் பத்திரம் வாங்கின முறை சரியில்லன்னு தீர்ப்பு குடுத்துடுச்சு, அப்போ மெஷின் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. நார்வேல ஃபோசன்னு ஒரு பகுதி, அங்க சாமிங்கற பழங்குடி மக்கள் ரெய்ண்டீர்ங்கற பனிமான் மேய்க்கற குளிர்கால மேய்ச்சல் நிலத்துல 151 காத்தாடி வெச்சாங்க. "கோர்ட்டு முடிவு வர்றதுக்குள்ள கட்டிடலாம்"னு கட்டியே முடிச்சாச்சு. 2021 அக்டோபர்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், 11 நீதிபதிகளும் ஒருமனதா, லைசென்ஸ் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, அந்த மக்களோட பண்பாட்டு உரிமையை மீறிட்டீங்கன்னு. அதுக்கப்பறம் போராட்டம், பேச்சுவார்த்தைன்னு இழுத்து 2023 டிசம்பர்லயும் 2024 மார்ச்லயும் தான் ரெண்டு மேய்ச்சல் குழுவோடயும் உடன்பாடு வந்துச்சு. நார்வே மாதிரி பணக்கார நாட்டுலயே இந்த கதின்னா, பேப்பர் சரியா இருக்குன்னு நிம்மதியா தூங்க முடியுமா?

பழங்குடி மக்கள் இருக்கற இடம்னா விதியே வேற. முன்கூட்டியே, முழு தகவலோட, கட்டாயம் இல்லாம வாங்கற சம்மதம்னு 2007ல வந்த ஐநா பிரகடனத்துலயே இருக்கு. இதுல முக்கியமானது, "வேணாம்"ங்கறதும் ஒரு செல்லுபடியாகற பதில். வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவோம்னு உங்க கம்பெனிக்குள்ள மொதல்லயே முடிவு பண்ணிட்டு போங்க, அதுக்கு பதில் இல்லன்னா நீங்க கேக்கறது சம்மதம் இல்ல, தகவல் சொல்றீங்க அவ்ளோ தான்.

அப்பறம், ஊருங்கறது ஒரே ஆள் இல்ல. தலைவரைப் பாத்து கை குலுக்கிட்டா ஊர் சம்மதிச்சிடுச்சுன்னு நெனைக்கறது தான் நான் அடிக்கடி பாக்கற தப்பு. நிலம் இருக்கறவருக்கு வாடகை வரும், அவர் சந்தோஷமா கையெழுத்து போடுவார். அந்த நிலத்துல கூலி வேலை பாத்தவங்களுக்கு? குத்தகைக்கு எடுத்து பயிர் பண்ணவருக்கு? கர்நாடகாவுல பாவகடா சோலார் பார்க் 2050 மெகாவாட், கிட்டத்தட்ட 13,000 ஏக்கர், நிலத்தை வாங்காம விவசாயிங்க கிட்ட லீசுக்கு எடுத்தாங்க, அது நல்ல முறைன்னு நிறைய பேர் பாராட்டறாங்க, எனக்கும் அதுல மரியாதை உண்டு, நிலம் கைவிட்டு போகல, வருஷா வருஷம் பணம் வருது. ஆனா சொந்த நிலமே இல்லாம அந்த வயல்கள்ல கூலிக்குப் போனவங்களுக்கு அந்த லீஸ் பணத்துல பங்கு இல்ல, வேலையும் போச்சு. அதனால ஒரு லிஸ்ட் போடுங்க: நிலத்துக்காரர், குத்தகைதாரர், கூலிக்காரர், மேய்க்கறவர், மீன் பிடிக்கறவர், காத்தாடி அவர் நிலத்துல இல்லாம ஆனா அவர் ஜன்னலுக்கு நேரா நிக்கற பக்கத்து வீட்டுக்காரர், லைன் போற வழியில இருக்கறவர். இந்தக் கடைசி ஆளை எல்லாரும் மறந்துடுவாங்க, டவர் லைன் போற ஊருக்கு திட்டத்தால ஒரு லாபமும் இருக்காது, தொந்தரவு மட்டும் இருக்கும், கோவம் அங்க இருந்து கிளம்பும்.

அடுத்து, மீட்டிங் போடறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல உக்காந்து மூணு தாள் எடுங்க. ஒன்னுல இன்னும் மாத்த முடியற விஷயம், இன்னொன்னுல மாத்தவே முடியாதது, மூணாவதுல எங்களுக்கே இன்னும் தெரியாதது. எத்தனை மெஷின், எவ்வளவு உயரம், எந்த வரிசை, ரோடு எந்தப் பக்கம், வேலை எந்த நேரம், வேலி எப்படி, லாபத்துல பங்கு எப்படி, இதெல்லாம் மொத தாள்ல வரணும். மொத தாள் காலியா இருந்தா மீட்டிங் போடாதீங்க, சும்மா நோட்டீஸ் ஒட்டுங்க, அது இன்னும் கொஞ்சம் நாணயமாவது இருக்கும். 1969ல ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டு படி ஏணியா பிரிச்சாங்க, அடியில மூளைச்சலவை மாதிரி வேலை, நடுவுல தகவல் சொல்றது, கருத்து கேக்கறது, மேல கூட்டு முடிவும் மக்கள் கைக்கே அதிகாரம் போறதும். நம்ம ஆளுங்க நடுப் படியில நின்னுக்கிட்டு மேல் படியில நிக்கறதா பேட்டி குடுப்பாங்க.

மாத்தினா என்ன நடக்கும்னு பாக்கணும்னா டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளிய இருக்கற மிடில்க்ருண்டன் காற்றாலையைப் பாருங்க. மொதல்ல 27 காத்தாடியை மூணு வரிசையா கடல்ல வெக்கறதா பிளான். மக்கள் கிட்ட கொண்டுபோனப்போ பாக்க நல்லா இல்லன்னு வந்துச்சு, அதை 20 ஆக்கி ஒரே வளைவு கோடா மாத்தினாங்க. 2000ல ஓட ஆரம்பிச்சது, 40 மெகாவாட், அதுல பாதி ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு சொந்தம், 8,000 பேருக்கு மேல ஷேர் வாங்கினாங்க. தலைநகர் கடற்கரையில இருந்து பளிச்சுன்னு தெரியற இடம், எதிர்ப்புக்கு எல்லா காரணமும் இருந்துச்சு. ஆனா அந்த வளைவைப் பாக்கறவங்கள்ல ஆயிரக்கணக்கான பேருக்கு அதுல பங்கு இருக்கு, கூட அந்த டிசைனே அவங்க சொன்னதால மாறினது.

இனி மீட்டிங். பெரிய ஹால், ஒரு மைக், முன்னூறு பேர், இதை தயவு செஞ்சு தவிர்த்துடுங்க. நாலு பேர் மைக்கைப் பிடிச்சுப்பாங்க, மீதி எல்லாரும் கை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, மெதுவா பேசறவங்க, சந்தேகம் மட்டும் இருக்கறவங்க யாரும் வாயே திறக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா நாள் முழுக்க கதவு திறந்து வெச்சு யார் எப்ப வேணா வந்து கேக்கலாம்னு வைங்க, பத்து பதினஞ்சு பேர் சின்ன சின்ன கூட்டம், பெண்களோட தனியா ஒரு உக்காரல், வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல ஒன்னு. கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அவங்க கண்ணு முன்னாடி எழுதுங்க, பதில் எந்த தேதிக்குள்ளன்னும் எழுதி எல்லாரும் பாக்கற இடத்துல ஒட்டுங்க. பேச அனுப்பறது விளம்பரக் கம்பெனி ஆளா இருக்கக்கூடாது, வயரும் ஃபவுண்டேஷனும் தெரிஞ்ச இன்ஜினியர் வரணும், "எனக்குத் தெரியல, கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்"னு சொல்ற தைரியம் அவருக்கு இருக்கணும், அப்பறம் வெள்ளிக்கிழமை நெஜமாவே சொல்லணும். முக்கியமா அதே ஆள் தான் கடைசி வரைக்கும் வரணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புது முகம் வந்து "நான் இப்ப தான் ஜாயின் பண்ணேன்"னு சொன்னா ஊர்க்காரங்க மறுபடி மொதல்ல இருந்தா கதை சொல்லிக்கிட்டு இருப்பாங்க?

கெட்டதை நீங்களே மொதல்ல சொல்லுங்க. காத்தாடி சத்தம் போடும். உலக சுகாதார நிறுவனம் 2018ல குடுத்த வழிகாட்டுதல்ல காத்தாடி சத்தம் சராசரியா 45 டெசிபலுக்கு கீழ இருக்கணும்னு பரிந்துரை பண்ணிருக்கு, அது பகல், சாயங்காலம், ராத்திரி மூணையும் சேத்து போடற கணக்கு. இறக்கையோட நிழல் வீட்டுக்குள்ள வெட்டி வெட்டி விழும், அதுக்கு ஜெர்மனில வருஷத்துக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 30 நிமிஷம்னு வரம்பு வெச்சிருக்காங்க, அதுக்கு மேல போனா அந்த நேரத்துல மெஷினை நிறுத்தணும். ராத்திரி சிவப்பு லைட் மினுக்கறது நெறைய பேருக்கு பெரிய எரிச்சல், விமானம் பக்கத்துல வந்தா மட்டும் எரியற ரேடார் சிஸ்டம் இருக்கு, அங்கங்க அனுமதியும் உண்டு, காசு கணக்கு பாக்காம போடுங்க, ஊர் நன்றி சொல்ற விஷயம் இது. சோலார்னா பேனல் கழுவ தண்ணி எங்க இருந்து எடுக்கறீங்கன்னு கேப்பாங்க, தண்ணி கஷ்டம் இருக்கற ஊர்ல இதுக்கு பதில் இல்லாம போகவே போகாதீங்க, தண்ணியில்லாம பிரஷ் வெச்சு துடைக்கற முறையும் இருக்கு. பேட்டரி வெக்கறீங்கன்னா தீ பத்தினா என்னன்னு தான் கேப்பாங்க, ஃபயர் சர்வீஸ் ஆளையே கூட்டிட்டு வந்து பேச வைங்க.

வேலைவாய்ப்பு விஷயத்துல பொய் சொல்லாதீங்க. கட்டற காலத்துல நூத்துக்கணக்கா ஆள் வேணும், கட்டி முடிச்சா விரல் விட்டு எண்ணிடலாம், செக்யூரிட்டி, புல் வெட்டறது, டெக்னீஷியன் கொஞ்ச பேர். "ஊருக்கே வேலை"ன்னு சொல்லி வாங்கின கைதட்டலுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வட்டியோட கட்டுவீங்க.

வீட்டு விலை இறங்குமாங்கற கேள்வி கண்டிப்பா வரும். இறங்கவே இறங்காதுன்னு சொல்றதும் பொய், பாதியாயிடும்னு சொல்றதும் பொய். அமெரிக்காவுல ஆறு மாநிலத்துல வீட்டு விற்பனையை வெச்சு 2023ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, பெரிய சோலார் பிளான்ட்ல இருந்து அரை மைலுக்குள்ள இருக்கற வீடுங்களுக்கு சராசரியா 1.5 சதவீதம் கம்மியானது தெரிஞ்சது. டென்மார்க்ல இதுக்கு சட்டமே இருக்கு, காத்தாடியால வீட்டு மதிப்பு குறைஞ்சா கம்பெனி கிட்ட நஷ்டஈடு கேக்கலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை நீங்களாவே எழுதிக் குடுத்துட்டா பாதி வாக்குவாதம் அங்கயே முடிஞ்சிடும்.

எல்லாத்தையும் விட நல்ல வேலை செய்யறது ஒரு பஸ். ஏற்கனவே ஓடற இடத்துக்கு ஊர் ஆளுங்களைக் கூட்டிட்டு போங்க, யார் போறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும், எதிர்க்கறவங்களும் வரட்டும். அங்க போய் இறக்கி விட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போயிடுங்க. நீங்க பக்கத்துல நின்னா அந்த ஊர்க்காரங்க உண்மையை பேச மாட்டாங்க, பேசினாலும் இவங்க நம்ப மாட்டாங்க.

இப்ப பணம். இதுல அளவை விட நேரம் முக்கியம். மொத மீட்டிங்லயே "ஊருக்கு இவ்வளவு தர்றோம்"னு ஆரம்பிச்சா லஞ்சம் மாதிரி தான் தெரியும், "அப்போ ஏதோ பெரிய கெடுதல் இருக்கு போல"ன்னு தோணும். மொதல்ல பாதிப்பைப் பேசி, டிராயிங்கை மாத்தி, அதுக்கப்பறம் பங்கு பேசுங்க. அதுவும் நன்கொடை மாதிரி பேசாதீங்க, உரிமை மாதிரி எழுதுங்க. ஸ்காட்லாந்துல காத்தாடிக்கு ஒரு மெகாவாட்டுக்கு வருஷம் 5,000 பவுண்டுன்னு ஒரு வழக்கம் இருக்கு, 50 மெகாவாட்னா வருஷத்துக்கு 2,50,000 பவுண்டு ஊர் நிதிக்கு. அயர்லாந்துல அரசு ஏலத்துல ஜெயிச்ச திட்டம் 1,000 யூனிட்டுக்கு 2 யூரோ ஊர் நிதிக்கு போடணும். ஜெர்மனில 2021ல இருந்து காத்தாடி சுத்தி 2.5 கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரைக்கும் குடுக்கலாம், கணக்கு போட்டா அயர்லாந்து ரேட்டும் அதே தான் வருது. அந்த நிதியை எதுக்கு செலவு பண்றதுன்னு ஊர் ஆளுங்களே முடிவு பண்ணட்டும், கம்பெனி ஆளு அந்தக் கமிட்டில ஓட்டு போடக்கூடாது, ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுக்கக்கூடாது.

நிதியை விட ஒரு படி மேல சொந்தம். டென்மார்க்ல சாம்சோ தீவு 1997ல அரசு நடத்தின போட்டில ஜெயிச்சு முழுக்க புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறினது, அங்க நிலத்துல இருக்கற 11 காத்தாடில 9 தனித்தனி விவசாயிங்களுக்கும் 2 கூட்டுறவுக்கும் சொந்தம். சத்தம் அதே சத்தம் தான், ஆனா அது தன் மெஷின் ஓடற சத்தம்னா காதுல வேற மாதிரி கேக்குது. 2009ல இருந்து 2020 வரைக்கும் அந்த நாட்டுல புது காத்தாடி வெச்சா 20 சதவீத ஷேரை சுத்தி இருக்கறவங்களுக்கு விக்க முன்வரணும்னு சட்டமே இருந்துச்சு, நெதர்லாந்து 2019ல பாதி உள்ளூர் சொந்தம்ங்கறதை இலக்கா வெச்சாங்க. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, கையில காசு இருக்கறவன் தான் ஷேர் வாங்குவான். கூலிக்காரரும் வாடகை வீட்டுக்காரரும் அதே சத்தத்தை சும்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அதனால ஷேர் மட்டும்னு நிக்காதீங்க, கூடவே கரன்ட் பில்லுல கழிவு, பக்கத்து வீடுகளுக்கு வருஷப் பணம், இதையும் சேருங்க.

எதிர்ப்பு வந்தா? வரும். கொஞ்சம் பேர் எப்பவுமே மாற மாட்டாங்க, அவங்களை மாத்தறது உங்க வேலை இல்ல, மரியாதையா பேசுங்க, கேட்ட தகவலைக் குடுங்க, அவங்க கேள்வில உண்மை இருந்தா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கோங்க. வாட்ஸ்அப்ல வர்ற ஒவ்வொரு புரளிக்கும் மறுப்பு போட்டு சண்டை போடாதீங்க, ஊர்ல நம்பற டாக்டர், வாத்தியார் யாருக்காவது முழு விவரமும் தெரியற மாதிரி வெச்சுக்கோங்க, அவங்க சொன்னா போதும். சில நேரம் இடம் தான் தப்பா இருக்கும். அமெரிக்காவுல கேப் விண்ட்னு 130 காத்தாடி, 468 மெகாவாட், கடல்ல வெக்கறதா 2001ல ஆரம்பிச்சாங்க, பணக்கார வீடுங்க, மீனவர்கள், பழங்குடிகள்னு எல்லாப் பக்கமும் எதிர்ப்பு, கேஸ் மேல கேஸ், 2017ல கைவிட்டுட்டாங்க, ஒரு மெஷின் கூட நிக்கல. பதினாறு வருஷம். மூணாவது வருஷத்துலயே வேற இடம் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சில நேரம் யோசிப்பேன்.

கட்டற காலத்தைப் பத்தி யாரும் கைடுல எழுதறதில்ல, ஆனா சேத்து வெச்ச நம்பிக்கை எல்லாம் கரையறது அப்ப தான். ஊர்ல பேசினது நீங்க, வேலை செய்யறது சப்கான்ட்ராக்ட் ஆள். அவனுக்கு நீங்க குடுத்த வாக்கு எதுவும் தெரியாது, காலைல அஞ்சு மணிக்கு லாரி விடுவான், வாய்க்காலை மூடுவான், வேலியை உடைச்சுட்டு போயிடுவான். ஊருக்குக் குடுத்த ஒவ்வொரு வாக்கையும் ஒரு லிஸ்ட்டா போட்டு கான்ட்ராக்ட்ல சேத்து, மீறினா பில்லுல பிடிப்போம்னு எழுதுங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரோடு, வீட்டுச் சுவர், கிணறு எல்லாத்தையும் வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டே போட்டோ எடுங்க, அப்பறம் "இந்த விரிசல் முன்னாடியே இருந்துச்சா"ன்னு சண்டை வராது. புகார் சொல்ல ஒரு போன் நம்பர், ஆள் எடுக்கற நம்பர், அந்த ஆளுக்கு சைட்ல வேலையை நிறுத்தற அதிகாரமும் வேணும், இல்லன்னா அவர் வெறும் சமாதானம் சொல்ற ஆள் தான்.

கடைசியா ரெண்டு கேள்வி, எந்த ஊர்லயும் யாராவது ஒரு பெரியவர் கேப்பார். "நாளைக்கு நீங்க வித்துட்டுப் போயிட்டா?" நெஜமாவே விப்பாங்க, இந்தத் தொழில்ல திட்டத்தைக் கட்டின உடனே வேற ஃபண்டுக்கு கை மாத்தறது சகஜம். அதனால ஊர் நிதி, நஷ்டஈடு, சத்த வரம்பு எல்லாம் வாங்கற புது முதலாளியையும் கட்டுப்படுத்தற மாதிரி பதிவு பண்ண ஒப்பந்தமா இருக்கணும், நாலு பேர் நல்லவங்களா இருந்ததால நடந்த வாய் வாக்கா இருக்கக்கூடாது. ரெண்டாவது, "இருபத்தஞ்சு முப்பது வருஷம் கழிச்சு இந்த இரும்பையும் கான்கிரீட்டையும் யார் அள்ளுவா?" இதுக்கு பேங்க்ல தனியா கட்டி வெச்ச பணம் தான் பதில், கம்பெனி திவாலானாலும் கடன்காரங்க தொட முடியாத மாதிரி. ஃபவுண்டேஷனை எவ்வளவு ஆழம் வரைக்கும் எடுப்பீங்கன்னும் மீட்டர்ல எழுதுங்க, நிறைய ஒப்பந்தங்கள்ல மேல ஒரு மீட்டர் மாதிரி எடுத்துட்டு மீதியை மண்ணுக்குள்ளயே விட்டுடுவாங்க, அதுக்கு மேல மறுபடி உழ முடியுமான்னு நிலத்துக்காரர் கேப்பார், அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க.